இல்லாத விமானத்தின் பயண நேரம்

கடந்த ஆண்டு சித்திரை மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், என்னோடு நீண்டகாலம் ஒரே பத்திரிகையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் தமது இல்லத்தில் காலமானார். அவர் ஒப்புநோக்காளர். பிறர் விட்ட பிழைகளைத் தேடிப் பிடிப்பதிலேயே தமது ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அவருக்கு ஒரேயொரு ஆண்பிள்ளை. அந்தப் பிள்ளை லண்டனில் இருக்கிறது. செய்தி சொல்ல நான்தான் தொலைபேசி எடுத்தேன். அழுது முடித்துக் கால் மணித்தியாலத்தில் அவனே திரும்ப எடுத்தான்.

"மாமா, லண்டனிலையிருந்து யாழ்ப்பாணம் பத்தரை மணித்தியாலமெண்டு இன்ரநெற்றிலை போட்டிருக்கு. இண்டைக்கு இரவு ஏறினனெண்டால் நாளைக்கு மத்தியானம் வீட்டை நிப்பன். அப்பாவை வைச்சிருங்கோ."

நானும் அதை மறுத்துரைக்கவில்லை. மத்தியானம் வந்துவிடுவான் என்றே உறவினரிடம் சொன்னேன். அதைக் கொண்டே ஐயர் நேரம் குறித்தார். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குக் கிரியைகள் என்று அறிவித்தல் போயிற்று. திங்கட்கிழமை நாள் சரியில்லை என்றார்கள். பிள்ளை லண்டனில் மாலை ஐந்து மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டான். அவன் ஏறிய நேரடி விமானம் ஞாயிறு பிற்பகல் ஒரு மணியளவில் கட்டுநாயக்கவில் இறங்கியது. குடிவரவு, பயணப்பொதி எல்லாம் முடித்து வெளியே வந்து வானில் ஏறும்போது இரண்டரை. நாங்கள் ஐந்தரை மணி வரையும் பார்த்தோம். பொழுதுபடுவதற்கு முன் எடுத்தேயாக வேண்டும் என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். ஒன்றுவிட்ட தம்பி முறையான ஒரு பையன் கொள்ளி வைத்தான். மகன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது இரவு பத்தே முக்கால். லண்டன் வீட்டிலிருந்து கணக்கிட்டால் இருபத்தைந்தேகால் மணித்தியாலம். மறுநாட் காலையில் மயானத்துக்குப் போய்க் காடாத்துக்குத்தான் அவனால் நிற்க முடிந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு, அவன் பார்த்த இணையப் பக்கத்தை எனக்கும் காட்டினான். இப்படிப்பட்ட பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உலகத்தின் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைக் கொடுத்தாலும் இடையிலுள்ள தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் இவ்வளவு என்று நொடியில் சொல்லிவிடும். லண்டன் ஹீத்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஏறக்குறைய 8,500 கிலோமீற்றர். பயண நேரம் பத்தரை மணித்தியாலம். படித்துப் பார்த்தேன். ஹீத்ரோவிலிருந்து பலாலிக்கு ஒருபோதும் நேரடி விமானச் சேவை இருந்ததில்லை என்ற ஒரு வரியை மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கும் காணவில்லை. இல்லாத ஒரு விமானத்துக்குப் பயண நேரம் எழுதியிருக்கிறார்கள். என் நண்பர் கையில் அந்தப் பக்கம் கிடைத்திருந்தால் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்திருப்பார்.

இந்தக் கணக்கு எப்படிச் செய்யப்படுகிறது என்பதில் மர்மம் எதுவுமில்லை. பூகோள உருண்டை ஒன்றில் இரண்டு இடங்களுக்கிடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் அது எந்த வழியே கிடக்குமோ அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் ஆரை 6,371 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டு, இரண்டு இடங்களின் அகலாங்கு நெட்டாங்குகளைச் சூத்திரத்தில் இட்டால் நூலின் நீளம் வந்துவிடும். அதை மணிக்கு 850 கிலோமீற்றர் என்ற வேகத்தால் பிரித்து, ஏறவும் இறங்கவும் என்று அரை மணித்தியாலத்தைக் கூட்டினால் பயண நேரம். பாடசாலைப் பிள்ளை செய்யக்கூடிய கணக்கு. கணக்கில் பிழையில்லை. அந்த நூலின் கீழே நாடுகள் இருக்கின்றன, எல்லைகள் இருக்கின்றன, யுத்தங்கள் நடக்கின்றன, விசா என்றொன்று உண்டு என்பது அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது.

"தூரம் தூரந்தான், அது வடிவகணிதம், அதற்குள் அரசியலை ஏன் கொண்டுவருகிறீர்" என்று என்னோடு வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓர் உதாரணம். பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்குப் பின்லாந்து நாட்டு விமானசேவை பல்லாண்டுகளாக ரஷ்ய வான்பரப்பின் ஊடாகப் பறந்தது. ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலப் பயணம். 2022 பெப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து ரஷ்யாவும் ஐரோப்பிய நாடுகளும் ஒன்றுக்கொன்று தத்தம் வான்பரப்பை மூடிக்கொண்டன. அதன்பின் அதே இரண்டு நகரங்களுக்கிடையே வடதுருவத்தைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 13 மணித்தியாலம் பறக்கவேண்டியதாயிற்று. ஹெல்சிங்கி இடம்பெயரவில்லை, டோக்கியோவும் அங்கேயேதான் இருக்கிறது. தூர அட்டவணையில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. 2025 ஜூன் மாதத்தில் ஈரானும் ஈராக்கும் வான்பரப்பை மூடியபோது மத்திய கிழக்கின் ஊடாகப் போகவிருந்த எத்தனை விமானங்கள் திசை திரும்பின, எத்தனை பேர் இடைவழி நிலையங்களில் படுத்துக் கிடந்தார்கள்! அன்றைக்கும் அந்த இணையப் பக்கங்களில் நேரம் அப்படியேதான் இருந்தது.

எமது நாட்டிலேயே இதைவிட விசித்திரமான சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, சிங்கப்பூர் ஜப்பானியர் வசமான பின்னர், அவுஸ்திரேலியாவுக்கும் இலண்டனுக்குமான விமானத் தொடர்பு அறுந்துபோயிற்று. 1943 ஜூலையில் குவான்ரஸ் நிறுவனம் கற்றலீனா எனும் கடல் விமானங்களைக்கொண்டு பேர்த் நகரிலிருந்து காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கு இடையில் எங்கும் தரிக்காமல் பறக்கத் தொடங்கியது. 5,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம்; எதிரியின் கண்ணிற் படாதபடி வானொலியையும் அடக்கிக்கொண்ட பறப்பு; 27 முதல் 33 மணித்தியாலம். எரிபொருளின் பாரத்தினால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டமையால் அதற்கு இரட்டைச் சூரியோதயப் பறப்பு என்று பெயர் வந்தது. 2018 மார்ச்சிலிருந்து அதே நிறுவனம் அதே பேர்த்திலிருந்து இலண்டனுக்கே, ஏறக்குறைய 14,500 கிலோமீற்றரை, 17 மணித்தியாலம் அளவில் ஒரே பறப்பாகக் கடந்துவிடுகிறது. இயந்திரம் வளர்ந்தது உண்மை. ஆனால் அன்றைக்குப் பேர்த்துக்குக் கொக்கலையைத் தேடி வரவேண்டிய தேவையை உண்டாக்கியது யுத்தமேயன்றிப் பூகோளம் அன்று.

இனி நமது ஊர்க் கணக்குக்கு வருகிறேன். இதைக் கவனமாகப் பாருங்கள். கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோ ஏறக்குறைய 8,710 கிலோமீற்றர். பலாலியிலிருந்து ஏறக்குறைய 8,500. அதாவது யாழ்ப்பாணத்தவன் பிறந்த மண்ணில் நிற்கும்போது கொழும்பில் நிற்பவனைவிட இலண்டனுக்கு 200 கிலோமீற்றர் கிட்ட நிற்கிறான். ஆனால் இலண்டனுக்குப் போவதற்கு அவன் முதலில் சுமார் 370 கிலோமீற்றர் தெற்கே, இலண்டனுக்கு எதிர்த்திசையில், இராமுழுதும் வீதியில் போகவேண்டும். பின்னர் வடக்கே திரும்பிப் பறக்க வேண்டும்.

இன்னொன்றையும் கூட்டிப் பார்த்தேன். பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் ஏறக்குறைய 356 கிலோமீற்றர். சென்னையிலிருந்து ஹீத்ரோ ஏறக்குறைய 8,230. இரண்டையும் சேர்த்தால் 8,590 கூட ஆகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னையில் இறங்கி இலண்டன் போகும் மொத்தத் தூரம், கட்டுநாயக்கவிலிருந்து நேரே இலண்டன் போகும் தூரத்தைவிடக் குறைவு! நம்பாதவர்கள் தாங்களே நூல் பிடித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் நண்பரின் மகன் ஏன் சென்னை வழியாக வரவில்லை? ஒரே பயணச்சீட்டாக அமையாவிட்டால் சென்னையில் இந்தியாவுக்குள் நுழைந்து, பொதியை எடுத்து, மீண்டும் பதிந்து ஏறவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். தகப்பன் இறந்த இரவில் விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவன் எவன்? அவ்வாறு வந்தாலும், இலண்டனிலிருந்து வரும் விமானத்தின் நேரத்துக்கும் பலாலிக்குப் புறப்படும் சிறிய ஏ.டி.ஆர். விமானத்தின் நேரத்துக்கும் யாரும் முடிச்சுப் போட்டு வைக்கவில்லை. 356 கிலோமீற்றர் என்ற எண் பத்திரமாக இருக்கிறது. அதனால் பயன் இல்லை.

இந்தப் பாதை ஒருகாலத்தில் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஏர் சிலோனின் முதலாவது வர்த்தகப் பறப்பு 1947 டிசெம்பர் 10இல் நடந்தது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட அந்த டக்கோட்டா விமானம் பலாலியில் தரித்தே சென்னைக்குப் போயிற்று. நாட்டின் தேசிய விமானசேவை தன் முதல் அடியை யாழ்ப்பாணத்தின் வழியாகவே எடுத்து வைத்தது. சுதந்திரத்துக்கு இரண்டு மாதங்கள் முன்பு! பின்னர் ஏர் சிலோன் மூடப்பட்டது; யுத்தம் வந்தது; சென்னைப் பாதை ஏறக்குறைய நான்கு தசாப்தங்கள் அடைபட்டுக் கிடந்தது. சென்னையில் கண்ணுக்கோ இருதயத்துக்கோ வைத்தியம் பார்க்கவேண்டிய யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் அத்தனை காலமும் தெற்கே கட்டுநாயக்கவுக்குப் போய், அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 650 கிலோமீற்றர் பறந்தார். வானம் தெளிந்திருந்தால் யன்னலால் தன்னுடைய குடாநாட்டைத் தானே பார்த்திருக்கவும் கூடும்.

பயண நேரம் என்ற சொல்லே எம்மவர்க்குச் சிரிப்பையும் ஆத்திரத்தையும் ஒருங்கே தருவது. 2002 முதல் 2006 வரை ஏ-9 வீதி திறந்திருந்த காலத்தில் அவ்வழியே போய்வந்தவர்களுக்கு நினைவிருக்கும். 1996இல் அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை முன்னோக்கி நகர்த்தியபோது வன்னியில் அதை ஏற்கவில்லை. ஆகையால் ஓமந்தையில் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். முகமாலையில் மறுபடி முன்னுக்குத் தள்ள வேண்டும். ஒரே தீவில், ஒரே வீதியில், ஒரே பஸ்ஸில் இரண்டு நேரங்கள்! 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்கே திரும்பியது. நேரம் ஒன்றாகி நான்கு மாதத்தில், ஆவணியில், வீதி மூடப்பட்டது.

வான்வழி மட்டும் என்ன? பலாலியிலிருந்து இரத்மலானை ஏறக்குறைய 330 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம் என்பது அட்டவணை. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி அந்த ஒரு மணித்தியாலத்துக்கெனப் புறப்பட்ட லயன் எயார் விமானத்தில் 55 பேர் இருந்தார்கள். மன்னார்க் கடலில் அது வீழ்ந்தது. அந்த இரவில் பத்திரிகை அலுவலகத்துத் தொலைபேசிக்கு வந்த குரல்களை நான் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இன்னும் வந்து சேரவில்லையே, எத்தனை மணிக்கு வரும்?

இப்போது என் பங்குக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2019 ஒக்டோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு திறந்துவைக்கப்பட்டபோது, சென்னைக்கு இனி ஒரு மணித்தியாலம் என்ற பொருளில் தலைப்பிட்டவர்களுள் நானும் ஒருவன். மேடையில் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டேன். நவம்பரில் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றோடு நின்றது. மீண்டும் தொடங்கியது 2022 டிசெம்பர் 12இல். இடையில் இரண்டேமுக்கால் ஆண்டுகள். கட்டுநாயக்க அதற்கு வெகுகாலம் முன்னரே திறக்கப்பட்டுவிட்டது. அந்த இரண்டேமுக்கால் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று எந்தப் பத்திரிகையும் தலைப்பிடவில்லை. நானும் இடவில்லை. திறப்பு விழாவுக்குப் பூமாலையோடு போகும் நாங்கள், சேவை நின்ற மறுநாள் ஒரு நிருபரையும் அனுப்புவதில்லை.

சிலர் உடனே கேட்பார்கள்: இலண்டன் விமானத்தைப் பலாலியில் இறக்கச் சொல்கிறீரா? இல்லை. பெரிய விமானம் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும். ஓடுபாதை நீளுவதற்கு நிலம் வேண்டும். அந்த நிலம் யாருடையது? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறியவர்களுடையது. மயிலிட்டித் துறைமுகமே 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பி வந்தது. உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்கும் ஒருவரிடம் போய், உன் மகன் இலண்டனிலிருந்து பத்தரை மணித்தியாலத்தில் வருவதற்காக இன்னும் நாலு பரப்பு விடு என்று கேட்க எனக்கு நாவு எழாது. தூர அட்டவணை போடுகிறவர்கள் ஓடுபாதையின் கீழே கிணறும் கோயிலும் கிடந்தன என்பதையும் சேர்த்து எழுதுவதில்லை.

நான் கேட்பது மிகவும் சிறியது. இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிறவர்கள் இறங்குவது கட்டுநாயக்கவில். வடக்குக்கான உள்ளூர் விமானசேவை அவ்வப்போது தொடங்கப்பட்டு அவ்வப்போது நின்றுபோனது. தொடங்கியபோதும் பெரும்பாலும் இரத்மலானையிலிருந்துதான். இரண்டு நிலையங்களுக்கும் நேர்கோட்டிலேயே 40 கிலோமீற்றர். நடுவில் கொழும்பு மாநகரத்தின் வாகன நெரிசல். கட்டுநாயக்கவிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். சிறிய விமானம் ஒன்று, நீண்டதூர விமானங்கள் இறங்கும் நேரத்தைப் பார்த்து, ஒரே பயணச்சீட்டில், ஒரே பொதிச்சீட்டில், நாள்தோறும் தவறாமல் பறக்குமானால், என் நண்பரின் மகன் அன்று மாலை நான்கு மணிக்கு வீட்டில் நின்றிருப்பான். சென்னை வழியாகவும் அவ்வாறே ஒரே சீட்டு ஒழுங்கைச் செய்யலாம். அதற்கு இரண்டு அரசாங்கங்களும் இரண்டு விமானசேவைகளும் ஒரு மேசையில் அமரவேண்டும். ஓர் அங்குல நிலமும் வேண்டாம்.

ஆளில்லை, இலாபமில்லை என்பார்கள். இரவு பத்து மணிக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்கு முன்னால் கட்டுநாயக்கவுக்கென்று புறப்படும் வான்களையும், அவற்றின் கூரையில் கட்டப்பட்டிருக்கும் சூட்கேஸ்களையும் எண்ணிவிட்டு வந்து சொல்லட்டும். அத்தனை பேரும் எட்டு மணித்தியாலம் முழங்காலை மடித்துக்கொண்டு இருக்கக் காசு கொடுக்கிறவர்கள்தாம். சாரதி நித்திரை தூங்கிவிடுவானோ என்று விடியவிடிய விழித்திருக்கிறவர்கள்தாம்.

நண்பரின் மகன் அந்தியேட்டி முடியும் வரை நின்றான். முப்பத்தோராம் நாள் கீரிமலையில் கிரியைகள் நடந்தன. கேணியில் தோய்ந்துவிட்டுக் கடற்கரையில் ஈரவேட்டியோடு நின்றபோது, வடக்கே கடலின் மேலாக ஒரு சிறிய விமானம் தாழ்ந்து வந்து கிழக்கே பலாலிப் பக்கமாக இறங்கியது.

"எங்கையிருந்து மாமா வருது?"

"சென்னையிலையிருந்து, தம்பி."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. மறுநாள் பிற்பகல் அவனுக்குக் கட்டுநாயக்கவில் விமானம். அன்றிரவு பத்து மணிக்கு அவனை வானில் ஏற்றி அனுப்பினோம். விடிய ஆறரைக்கு விமான நிலைய வாசலிலிருந்து எடுத்து, வந்து சேர்ந்துவிட்டேன் என்றான்.